முள் மேல் எட்டணா

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மருமகன் தன் புது ரெக்கார்டு பிளேயரின் முள்ளை ஸ்பிரிட்டால் துடைத்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் ராஜபாளையத்தில், பள்ளியில் என்னோடு படித்த சுல்தானுடைய அப்பாவின் ரெக்கார்டிங் கடையில் நின்றேன்; அவரை அவன் அத்தா என்பான். அந்தக் கடை இன்று இல்லை.

சுல்தான் அங்கே முள்ளை ஊதி, அதைத் தாங்கும் கம்பியின் பின்பக்க எடையை மயிரிழை மயிரிழையாகத் திருகி, கீறல் விழுந்த பழைய இசைத்தட்டில் ஓட்டிப் பார்த்த பிறகே நல்ல தட்டில் இறக்குவான்; எனக்கு வயிறு எரியும்.

"ஏலே, உன் கை வெறகு பொளக்கத்தான் ஆகும். தள்ளி நில்லு" என்பான்.

ஒருநாள் அவன் டீ வாங்கப் போனபோது புதுத் தட்டில் நானே முள்ளை இறக்கினேன். குதித்தது. எங்கள் தெரு மைக்செட் அண்ணன் செய்வதைப்போல முள்ளின் தலையில் எட்டணாவை வைத்தேன். இப்போது குதிக்கவில்லை, உழுதது. பாட்டு கரகரத்ததும் காசை எடுக்கத் தோன்றாமல் சுவர்க் காலண்டரைக் கும்பிட்டேன். அது சாமி படமே இல்லாத உரக்கடைக் காலண்டர்.

அத்தா வந்து, "யாருலே காசு வச்சது?" என்றார்.

"நான்தான் அத்தா" என்றான், டீயோடு வந்த சுல்தான். அறை அவனுக்கு விழுந்தது. தப்பித்தோம் என்று மூச்சுவிடுவதற்குள், பழியை ஏற்பதையும் அவன்தானே செய்தான் என்று முன்னைவிடப் பொறாமையாக இருந்தது.