எழுப்பினால்தான் போகும்

நூம்பலில் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து வந்து முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் கைவைத்தவள் வனஜா. தொண்ணூற்று மூன்றில், அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் கூட்டிப் பெருக்கிய கம்பெனிக்கு வேலைக்கு வந்தாள். எதற்கும் பயப்படாதவள். ஒரே ஒருநாள் அவள் தயங்கிப் பார்த்தேன்.

பக்கத்து மேசைக்காரர் கோதண்டம் நான்கு நாளாக உதிரிபாகப் பட்டியலை அடித்துக்கொண்டிருந்தார். அதை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர், கடையிலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அவர் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கருமாதி முடியும்வரை அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

ஆறாம் நாள் மேனேஜர் ராஜசேகரன் வந்தார்.

"லிஸ்ட்ட முடிக்காமலே போய்ட்டாருன்னு எழுதிடறேன். மிஷின ஆஃப் பண்ணும்மா."

ஆஃப் செய்தால் நான்கு நாள் உழைப்பும் அழியும். கோதண்டத்தின் சம்சாரம் பொன்னம்மாள் அங்கேயே வேலை கேட்டு மனு போட்டிருந்தாள். மேனேஜர் அப்படி எழுதினால் அந்த மனு அவ்வளவுதான்.

"சாயந்தரம் வரைக்கும் குடுங்க சார்," என்றாள் வனஜா.

முறையாக 'முடித்துக்கொள்' என்றால், கம்ப்யூட்டரில் நின்றிருக்கும் அந்த வேலை, அடித்ததையெல்லாம் பதிந்துவைத்துவிட்டு மூடிக்கொள்ளுமாம். தன் மேசையிலிருந்தே ஆணை அனுப்பினாள். கோதண்டத்தின் திரை அசையவில்லை. மறுபடி அனுப்பினாள்.

"இன்னாடி, காது கேக்கலியா அதுக்கு?" என்றேன்.

"வந்த ஆணை வாசல்லயே காத்துகினு கீதுக்கா. நிறுத்திவெச்ச வேல தூங்கறவன் மாதிரி; தூங்கறவன் எப்டி கெளம்புவான்? எழுப்பணும். இங்கேர்ந்து எழுப்பத் தெரியல எனக்கு. அவரு மேசைல சொன்னா, கட்டளை வாங்கற ஷெல்லுன்ற புரோகிராமே முடிச்சுக்கோன்னும் சொல்லி, கையோட எழுப்பியும் வுட்டுடும்."

"அய்யோ, கருமாதி ஆவலியேடி!"

நான் பொன்னியம்மனை வேண்டிக்கொண்டேன். வனஜா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"சூடா கீதுக்கா," என்றாள் மெதுவாக. வெயில் எதிர்ப்பக்கம்தான் இருந்தது.

"கோதண்டம் அண்ணே, எழுந்துக்கோ," என்று சொல்லி ஆணையை அடித்தாள்.

ஆறு நாளாக உறைந்திருந்த திரையில் வரிகள் ஓடின. அவள் கை மடியில் இருந்தது. கடைசி வரி வந்ததும் வேலை முடிந்துவிட்டதென்று காட்டி நின்றது.

அச்சடித்த பட்டியலை மேனேஜர் புரட்டினார். ஒன்றும் குறையவில்லை. அடியில் முடித்தவர் கோதண்டம் என்று பெயர். கூடவே நாளும் நேரமும்.

"இன்னிக்குத் தேதி போட்டிருக்கே?"

"இன்னிக்குத்தான் சார் முடிச்சாரு."

அவர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் பொன்னம்மாள் வேலைக்கு வந்தாள். அந்தத் தேதியைப் பற்றி வனஜா அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.