காளியண்ணன் பூசாத பேஸ்ட்

செய்தி வந்தபோது நான் சேந்தமங்கலத்தில் ஒரு உதிரிபாகக் கடையில் நின்று பேஸ்ட் ட்யூப் வாங்கிக்கொண்டிருந்தேன். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற சேம்பரைக் கழற்றி மாட்டும்போது, ஒழுகாமலிருக்க ஓரத்தில் பூசுகிற பேஸ்ட். வாங்கி வரச் சொன்னதே என் பட்டறைக் கூட்டாளி காளியண்ணன்தான். போனில் அவர் மனைவி, "அண்ணா, அவரு போயிட்டாருங்க. டீ கேட்டாரு, கொண்டாந்து குடுக்கறதுக்குள்ள..." என்றார். ட்யூபைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறினேன். வழி முழுக்க அது நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.

மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் பட்டறையை அறிந்தவர்களுக்கு எங்கள் இருவரையும் தெரியும். பத்தொன்பது வருடக் கூட்டு. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர், ஆனாலும் சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவது போல என்னை "சாமி" என்றுதான் கூப்பிடுவார். அவர் மலைக்காரர். நான் அடிவாரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் இறங்குகிறவன்.

பேஸ்ட் விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். இடையில் கார்க் பேக்கிங் வைத்திருக்கிற சேம்பருக்கு அதைத் தொடவே மாட்டார். இரும்போடு இரும்பு உட்காரும் இடத்துக்கு மட்டும்தான். ஒருமுறை ஜன்னல் கண்ணாடிக்குப் பூசுகிற ட்யூபை விவரம் தெரியாமல் வாங்கிப் போய்விட்டேன். "இது எண்ணெய்ல ஊறுனா கொழகொழன்னு ஆயிரும் சாமி. சுடு எண்ணெய் தாங்கும்னு அட்டையில போட்டிருக்குதான்னு பாத்து வாங்கு" என்றவர், அதைக் கொண்டுபோய்த் தன் வீட்டு ஜன்னலுக்கே பூசிவிட்டார்.

பழைய பேஸ்ட்டைச் சுரண்டி, பெட்ரோல் துணியால் துடைத்து, தீக்குச்சி கனத்துக்கு ஒரே கோடு போடுவார். போல்ட்டுகளை விரலால் முடுக்கி, பத்து நிமிடம் விட்டு, பிறகு எதிரெதிராக இறுக்குவார். எண்ணெய் ஊற்றுவது மறுநாள்தான். "மலைக்குளிர்ல இது இறுகவே நேரமாவும்" என்பார். அந்தப் பத்து நிமிடமும் பேச்சுதான். மிளகுக் காய்ப்பு, மகளின் காலேஜ், பஸ்ஸில் நான் கேட்ட வம்பு எல்லாம் அதில் அடங்கும்.

இதெல்லாம் பட்டறைக்கு வந்துபோன உங்களுக்கும் தெரிந்ததுதான். தெரியாத ஒன்று இருக்கிறது.

முன்பொருமுறை வந்தது பைல் நாட்டு மிளகு விவசாயி ஒருவரின் வேன். காளியண்ணன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் சேம்பரை நான்தான் மாட்டினேன். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிற வண்டி, நடுவழியில் எண்ணெய் ஒழுகினால் என்ன ஆவது என்று பயம். பேஸ்ட்டைச் சுற்றிலும் அப்பினேன். இறுக்கியதும் வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிட்டேன். உள்ளே பிதுங்கியது என் புத்திக்கு எட்டவில்லை. நாலைந்து நாளில், மலை ஏறும்போது எஞ்சின் ஜாம் ஆகி வளைவிலேயே நின்றுவிட்டது. சேம்பரைக் கழற்றினால், எண்ணெயை உறிஞ்சுகிற சல்லடையில் பேஸ்ட் துண்டுகள் மண்புழு போல அடைத்துக் கிடந்தன; எண்ணெய் மேலே ஏறவே இல்லை.

"யாருங்க இதப் பூசுனது?" என்று வேன்காரர் கத்தினார்.

"நாந்தாங்க. கை தவறிருச்சு" என்றார் அண்ணன்.

இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எஞ்சினை அவரே பிரித்துச் சரிசெய்து கொடுத்தார். ஆனாலும் கெட்ட பேர் கெட்டதுதான். ரொம்ப நாள் வண்டிகள் எங்கள் பட்டறையைத் தாண்டிப் போயின. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ கீழ இருந்து வாரவன். இங்க பேரு கெட்டா மறுநாளு பஸ்ஸேற மாட்ட. அப்பறம் நான் யாருகிட்டப் பேசிக்கிட்டு வேல செய்யறது?"

துக்க வீட்டுக்கு அந்த வேன்காரரும் வந்திருந்தார். "தங்கமான மனுசனுங்க. அந்த ஒரு வேலதான் சறுக்கிருச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் சும்மா நின்றேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நேற்று அந்த ட்யூபைத் திறந்தேன். அவர் கழற்றி வைத்துவிட்டுப் போன சேம்பருக்குத் தீக்குச்சி கனத்தில் கோடு போட்டு, போல்ட்டுகளை விரலால் முடுக்கிவிட்டு உட்கார்ந்தேன். பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கோடும் அந்தப் பத்து நிமிடமும்தான். கோடு கைக்கு வந்துவிட்டது. பத்து நிமிடத்தை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. நேற்று அந்த நேரத்தில்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

அந்த வேனுக்குப் பேஸ்ட் பூசியது நான்.