பல்செட்டு உடைந்த ஞாயிற்றுக்கிழமை

ஹவுராவில் சொந்த லேத் பட்டறை, கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் மாடி வைத்த வீடு. என்னிடம் வேலை பழகித் தனிப்பட்டறை போட்டவர்கள் ஏகப்பட்ட பேர். இத்தனையும் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் செய்தது. ஒரு வார்த்தை வங்காள பாஷை தெரியாமல் ரயிலை விட்டு இறங்கியவன், இன்றைக்கு வங்காளிகளோடு அவர்கள் பாஷையிலேயே சண்டை போடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

போன வருஷம் துர்கா பூஜை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பேத்தியைப் பெண் கேட்டு கொல்கத்தாவிலேயே இருக்கும் ஒரு வங்காளிக் குடும்பம் வருவதாக இருந்தது. பையன் அவளோடு பேங்கில் வேலை பார்ப்பவன். பல மாசம் நான் முரண்டு பிடித்து, பிறகுதான் சரி என்றிருந்தேன். அது அவர்களுக்கும் தெரியும்.

அன்று காலை கழுவும்போது கை வழுக்கி, என் மேல் பல்செட்டு வாஷ்பேசினில் விழுந்து இரண்டாகப் பிளந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டருக்கு எங்கே போவது? எனக்கென்ன, இரும்பையே ஒட்ட வைத்தவன்! பசை போட்டு ஒட்டினேன். மேடு தட்டிய இடத்தைப் பொடி அரத்தால் ராவினேன்.

"தாத்தா, அதை வாயில வைக்காதீங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்" என்றாள் பேத்தி.

"நீ போய்ப் புடவையைக் கட்டு" என்றேன்.

விருந்தாளிகள் உள்ளே வந்தார்கள். வரவேற்க வாயைத் திறந்தேன். டக்! மறுபடி இரண்டு துண்டு. கைக்குட்டையில் துப்பிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாயை இறுக்க மூடிக் கும்பிட்டேன். என்னை வெறும் வாயோடு வெளியாள் ஒருத்தரும் பார்த்தது கிடையாது. யாராவது சொல்லித் தொலைக்கப் போகிறார்கள் என்று வீட்டில் எல்லோரையும் கண்ணாலேயே மிரட்டினேன்.

பையனுக்கு அப்பா இல்லை. பேச வந்தவர் அவனுடைய பெரியப்பா, என் வயசுக்காரர். என் வீட்டுக்காரி சுட்ட முறுக்கில் ஒன்றை எடுத்தவர், கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். நம்ம வீட்டுப் பலகாரம் இவருக்கு இறங்காதாக்கும் என்று எனக்குள் கொதித்தது. அவர் பட்டறையைப் பற்றிக் கேட்டார். தலையை ஆட்டினேன். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். அதற்கும் ஆட்டினேன். பெண்ணைப் பெற்ற என் மகன் பதில் சொல்ல வந்தான். "இல்லை, வீட்டுக்குப் பெரியவர் வாயால் கேட்க வேண்டும்" என்று தடுத்துவிட்டார்.

நான் உதட்டை இன்னும் இறுக்கினேன். அவர் முகம் வாடிப்போனது. "பெரியவருக்கு மனசில்லாமல் பெண்ணைக் கொண்டுபோவது எங்களுக்கும் சரியில்லை" என்று கும்பிட்டு எழுந்துவிட்டார்.

சமையலறை வாசலில் நின்ற பேத்திக்குக் கண் நிறைந்துவிட்டது. என் வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? புள்ளை முகத்தைப் பாருங்க!" என்று கத்திவிட்டாள்.

பார்த்தேன். சட்டைப்பையிலிருந்து இரண்டு துண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். பாதி காற்றும் பாதி பேச்சுமாக அவர்கள் பாஷையில் சொன்னேன்: "சம்மதம் இருக்கு. பல்லுதான் இல்லை."

அவர் துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முறுக்கைத் தூக்கிக் காட்டி, "தாதா, என்னுடையதும் செட்டுதான்! கடித்தால் கழன்று விழும், கீழே வைத்தால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். நான் என்னதான் செய்வேன்?" என்றார். இங்கே தாதா என்றால் அண்ணன். அவர்கள் கொண்டுவந்த சந்தேஷ் இனிப்பைப் பிரித்து, அவரே என் கையில் வைத்தார். அன்றைக்கே தை மாசம் கல்யாணம் என்று பேசி முடித்தோம்.

பசை போட்டதில் பழைய செட்டு வீணாய்ப் போனது. டாக்டர் திட்டிக்கொண்டே புதுசு செய்து கொடுத்தார். கல்யாணமும் நடந்தது. பெரியப்பாவின் பெரிய மனசால்தான் இந்தச் சம்பந்தம் கூடியது என்று இரண்டு வீட்டிலும் சொல்கிறார்கள். பெரிய மனசுதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் நாலு பேர் முன்னால் வெறும் வாயைத் திறப்பதைவிடக் கஷ்டமான வேலை எதையும் என் ஆயுசில் நான் செய்ததில்லை. இனிமேல் இந்தக் கதையை யார் சொன்னாலும், முதலில் வாயைத் திறந்தவன் நான் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.