"மோட்டாரை அடிப்பீங்களா?"

1991 கோடை. ஸ்ரீபெரும்புதூரில் பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். கடைக்குப் பின்னாலேயே வீடு.

எங்கள் மகளுக்கு ஆறு வயது, பேச்சு வரவில்லை. காலையில் சாதுவாக இருப்பாள். சாயங்காலமானால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள், தலையைச் சுவரில் மோதுவாள். "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே, நாலு போடு போட்டா சரியாப் பூடும்" என்றார்கள் அக்கம்பக்கத்தில். ஊர்ப் பேச்சைக் கேட்டு ஒருநாள் கை நீட்டிவிட்டேன். அதற்கப்புறம் அவள் என் பக்கமே வரவில்லை.

மனைவி அழுது அடம்பிடித்துச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். ஆட்டிசம் என்ற வார்த்தையை அன்றுதான் கேட்டேன். ஏன் வருகிறது என்றதற்கு, "முழுசா எங்களுக்கே தெரியாதுங்க" என்றார். மூளை நிறைய சக்தி கேட்கும் உறுப்பு, சாப்பாடு அங்கே சக்தியாக மாறுவதில் சிலருக்குக் கோளாறு இருக்குமோ என்று ஆராய்கிறார்களாம், இன்னும் நிரூபணமாகவில்லையாம்.

"அப்போ ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்கம்மா" என்றேன்.

வேறு ஆளாயிருந்தால் எரிந்து விழுந்திருப்பார். அவர் சிரிக்கக்கூட இல்லை. அதற்குக் குளுக்கோஸ் மருந்தில்லை என்று சொல்லிவிட்டு, என் தொழிலை விசாரித்தார்.

"லோ வோல்டேஜ்ல மோட்டார் போட்டா என்ன ஆகும்?"

"உர்ருனு கத்தும், சுத்தாதும்மா. வுடாம ஓட்டுனா காயில் கருகிடும்."

"நீங்க என்ன செய்வீங்க?"

"ஆஃப் பண்ணிட்டு, மத்த லோடக் கொறைப்பேன்."

"மோட்டாரை அடிப்பீங்களா?"

நான் அடித்ததை மனைவி சொல்லியிருந்தாள் போல. இது ஓர் உதாரணம்தான், ஆனால் களைத்த பிள்ளைக்குச் சத்தமும் வெளிச்சமும் பெரிய பாரம் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்ததை ஒரு காயில் கட்டுகிறவனின் பாஷையில் சொன்ன அந்த மனசை என்னவென்று சொல்வது!

அன்று முதல் சாயங்காலமானால் ரேடியோ, டியூப்லைட், கடையில் ஓடும் மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அவளை விட்டுத் தள்ளியே உட்கார்ந்திருந்தேன். கத்தல் அடியோடு நிற்கவில்லை, குறைந்தது. மாசக்கணக்கு கழித்து ஒருநாள், தானாக வந்து என் முதுகில் முதுகு சாய்த்து உட்கார்ந்தாள்.

மகள் என்னை மன்னித்துவிட்டாள். டாக்டரம்மாவின் அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நான் இன்னும் தலைகுனிந்து நிற்கிறேன்.