பொலிஸில் சொன்ன பாட்டு விமர்சனம்

எனக்கு வாய் நீளம். வீட்டில் அதைக் குறையாகச் சொன்னார்கள். கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகை மட்டும் அதற்கென்று அரைப்பக்கம் ஒதுக்கித் தந்தது. பகலில் கண்டி மாநகரசபையில் தண்ணீர் பில் கட்டும் பகுதியில் கிளார்க் வேலை பார்த்தேன். சாயந்தரம் வீட்டுக்கு வந்து சமைத்துக்கொண்டே கசெட் கேட்பேன். கேட்டதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை எழுதி அனுப்புவேன்.

சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, யாழ்ப்பாணத்து மெல்லிசை, பொப், சிங்களவர் ஆடிப்பாடும் பைலா என்று எது வந்தாலும் கேட்பேன். திகனையில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் இஸ்லாமிய கீதங்களை வாங்கி எனக்கென்று கொண்டுவந்து தருவார். யார் பாடியது, யார் இசை என்று அட்டையைப் பார்க்க மாட்டேன். முதலில் ஓடவிட்டு வேலையைப் பார்ப்பேன். கறியைக் கிண்டுகிற கரண்டி தானாக நின்றால் பாட்டு தேறியது. நிற்காவிட்டால் எத்தனை வயலின் வைத்திருந்தாலும் தேறவில்லை. ஒரு பக்திக் கசெட்டைப் பற்றி, முருகன் இதைக் கேட்டிருந்தால் கதிர்காமத்தைக் காலிசெய்துகொண்டு போயிருப்பார் என்று எழுதினேன். கோயில்காரர்கள் பத்திரிகைக்கு ஆள் அனுப்பிச் சண்டை பிடித்தார்கள். திகனைக்காரர் மட்டும், "நல்லா ஏசுறீங்க தங்கச்சி, ஆனா ஞாயமாத்தான் ஏசுறீங்க" என்றார். அந்தப் பாராட்டை ஒரு வாரம் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

புனைபெயரில்தான் எழுதினேன். ஆனாலும் கண்டியில் பாட்டு, கச்சேரி என்று அலைகிறவர்களுக்கு நான் யார் என்று தெரியும். தபாலில் அனுப்பினால் நசுங்கிவிடும் என்று கசெட்டை நேரே கவுண்டருக்குக் கொண்டுவருவார்கள். அப்படித்தான் அந்தப் பையனும் ஒருநாள் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். கலகெதரைக்கு மேலே ஒரு சின்னத் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வரிசையில் வீடு, டவுனில் இரும்புக்கடையில் வேலை. கூட்டாளிகள் மூன்று பேரோடு சேர்ந்து பாட்டுப் பதிவு செய்யப் போவதாகச் சொன்னான். "பேர் இல்லாதவங்க பாட்டையும் எழுதுவீங்களா மிஸ்?" என்று கேட்டான். "நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னுதான் எழுதுவேன், அப்புறம் வந்து அழக்கூடாது" என்றேன். "அதுக்குத்தான் மிஸ் உங்ககிட்ட தர்றோம்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

எண்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. அரசாங்கத்துக்கு வடக்கில் தமிழ் இயக்கங்களோடு ஒரு சண்டை, தெற்கில் சிங்கள இளைஞர்களோடு வேறொரு சண்டை. கண்டியில் இருந்த நாங்கள் இரண்டுக்கும் பயந்தோம். தமிழ்ப் பையன் என்றால் ஒரு சந்தேகம், சிங்களப் பையன் என்றால் இன்னொரு சந்தேகம். வேலைக்குப் போனவன் வீட்டுக்கு வராமல் போவது செய்தியே இல்லாத காலம். பாட்டைப் பற்றி எழுதுவதால் எனக்கு ஒன்றும் வராது என்று நான் நம்பியிருந்தேன். என் வீட்டுக்காரரும் நம்பியிருந்தார்.

பிறகு ஒரு காலையில் கான்ஸ்டபிள் ஒருவர் எங்கள் ஒபிஸுக்கு வந்து, ஒரு விசாரணை, மிஸ் கொஞ்சம் வரவேண்டும் என்றார். எங்கள் தலைமைக் கிளார்க் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு போனேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல இப்போதும் எனக்கு விருப்பமில்லை.

உள்ளே சுவரோரம் நீட்டு மர வாங்கில் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். சட்டையில் மேல் பொத்தான்கள் இல்லை. மேசைமேல் அவனுடைய பை, பக்கத்தில் நாலு கசெட். ஒன்று மட்டும் பழுப்புத் தாளில் சுற்றி, என் புனைபெயரும் ஒபிஸ் விலாசமும் எழுதி இருந்தது. எனக்குத் தரத்தான் அதைக் கொண்டுவந்திருக்கிறான். வழியில் பஸ்ஸை மறித்துச் சோதித்தவர்கள் அவனை இறக்கியிருக்கிறார்கள். பையில் தமிழ்க் கசெட், அதில் வேறு பெயரில் ஒருவருக்கு ஒரு பார்சல். அவர்களுக்கு அது போதும். அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டபோது என்னைச் சொல்லியிருக்கிறான்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். நாங்கள் பேசியதெல்லாம் சிங்களத்தில். "பாட்டு நல்லதா கெட்டதா என்று சொல்கிறவர் நீங்கள்தானாமே? எங்களுக்கும் சொல்லுங்கள். இதில் என்ன பாடுகிறார்கள் என்று தெரிந்தால் இந்தப் பையனை வைத்திருப்பதா விடுவதா என்று முடிவுசெய்யலாம்."

என் விமர்சனத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

ஸ்டேஷனில் கசெட் போடுகிற ரேடியோ இல்லை. கான்ஸ்டபிள் போய்ப் பக்கத்து ரிப்பேர் கடையிலிருந்து ஒன்றைத் தூக்கிவந்தார். அமுக்கியதும் கடைக்காரனின் பைலாக் கசெட் பாடத் தொடங்கியது. வாசலில் காவல் நின்ற இன்னொரு கான்ஸ்டபிளின் கால் தாளம் போட்டது. இன்ஸ்பெக்டர் ஒரு பார்வை பார்த்தார், கால் நின்றது.

ஒவ்வொன்றாகப் போட்டார்கள். முதலாவது சினிமாப் பாட்டுகள். இது கல்யாணப் பாட்டு, இது கதாநாயகன் குடித்துவிட்டுப் பாடுவது என்று சொன்னேன். இரண்டாவது பக்திப் பாட்டு. மூன்றாவது ஒரு பொப் குழு. அதில் ஒரு மெட்டைக் கேட்டதும் இன்ஸ்பெக்டர், "இது எங்களிடமும் இருக்கிறதே" என்று சிங்கள வரிகளை வைத்து முணுமுணுத்தார். "இரண்டு பேருமே ஹிந்திக்காரனிடம் திருடியதுதான் சேர்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். தேநீர் வந்தது. எனக்குத் தைரியம் வந்தது. இன்னும் ஒன்றுதான், அதையும் இப்படியே முடித்தால் பையன் மத்தியானம் கடைக்கு வேலைக்குப் போய்விடுவான் என்று கணக்குப் போட்டேன்.

பழுப்புத் தாளைப் பிரித்துக் கடைசிக் கசெட்டைப் போட்டார்கள். கீபோர்ட் சத்தம் குரலுக்கு மேலே நின்றது. முதல் அடியின் மெட்டு பாதி ஒரு சினிமாப் பாட்டில் இருந்து வந்தது. சரி, சுமார்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வார்த்தைகள் காதில் விழுந்தன.

மலையிறங்கிப் போன பஸ்ஸே, மலையேறி வந்திருக்க,
ஏறிப்போன ஆளை மட்டும் எங்க இறக்கிவிட்ட?
சட்டை இன்னும் கொடியில காயுது, மழைக்கு நனையுது,
பேரைக் கேட்டு இறக்கினவங்க பேரை யாரு கேப்பாங்க?

தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அதே நேரம், வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது. அத்தனை வருஷம் கேட்ட கசெட்டுகளில் அந்தக் கடைசி அடியைப் போல ஓர் அடி எனக்கு வந்ததில்லை.

"இது என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காதல் பாட்டு சேர்" என்றேன். "ஒரு பெண் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய்விடுகிறாள். கடிதம் போடவில்லை. இவன் பஸ்ஸைப் பார்த்துப் புலம்புகிறான்."

"கடைசியில் பேர் பேர் என்று வருகிறதே?"

"பெண் கேட்டுப் போனபோது அவள் வீட்டார் பேரைக் கேட்டுவிட்டு, சாதி சரியில்லை என்று வெளியே அனுப்பிவிட்டார்களாம். அந்தக் கோபம்." எங்கிருந்து அப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

"நல்ல பாட்டா?"

"மோசம் சேர். மெட்டு இரவல். இந்த மாதிரிக் காதல் தோல்விப் பாட்டு வாரத்துக்குப் பத்து வருகிறது. நான் எழுதுவதாக இருந்தால் இரண்டு வரியில் முடித்துவிடுவேன்."

இன்ஸ்பெக்டர் கசெட்டை நிறுத்தக் கையைக் கொண்டுபோனார். முடிந்தது என்று நான் நினைத்தேன். அப்போது வாங்கில் இருந்து பையன் பேசினான். இரும்புக்கடையில் வளர்ந்த சிங்களம், என்னுடையதைவிடச் சுத்தமானது.

"மிஸ் சொல்வது சரியில்லை சேர். அது பெண்ணைப் பற்றிய பாட்டு இல்லை. என் அண்ணனைப் பற்றியது."

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, சும்மா இரு என்று கண்ணால் கெஞ்சினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பாட்டு மோசம் என்றபோதும் மெட்டு இரவல் என்றபோதும் குனிந்தே இருந்தவன்தான். அண்ணனை ஒரு பெண்ணாக்கிச் சாதிச் சண்டையாக்கியதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

நான் விடவில்லை. "சேர், பாட்டு எழுதுகிற எல்லாரும் இப்படித்தான். சாதாரணக் காதலை எழுதிவிட்டுப் பெரிய விஷயம் என்பார்கள். பத்திரிகையில் போடவேண்டும் என்று என்னிடமும் இப்படித்தான் அளப்பார்கள்" என்றேன். இன்ஸ்பெக்டர் பாதிச் சிரிப்போடு என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். ஒரு நிமிஷம் எந்தப் பக்கமும் சாயலாம் போல இருந்தது. பிறகு கசெட்டை மறுபடி முதலில் இருந்து ஓடவிட்டு, "நீயே சொல்" என்றார்.

அவன் எழுந்து நின்று அடி அடியாகச் சொன்னான். அண்ணன் கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போனவன், தீபாவளிக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போக பஸ் ஏறினான், வழியில் இறக்கினார்கள், அவ்வளவுதான் தெரியும் என்றான். கொடியில் காய்கிற சட்டையைச் சொன்னான். கடைசி அடியை ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் வைத்தான். அந்த நிலைமையிலும் என் புத்தி, மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டது. அப்படிப்பட்ட புத்தியைத் தூக்கி வெளியே எறிய வேண்டும் என்று அன்று தோன்றியது.

இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. ரேடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதினார். தலை தூக்காமல், "மிஸ் போகலாம்" என்றார். நான் எழுந்து நின்று, சேர், சின்னப் பையன் என்றேன். "போகலாம் என்றேன்" என்றார். வெளியே வந்தபோது கான்ஸ்டபிள் ரேடியோவைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் என் வீட்டுக்காரரோடு போனேன். வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அதற்கடுத்த வாரம் போனபோது அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்றார்கள். நான் இந்தக் கதிரையில்தானே உட்கார்ந்திருந்தேன் என்றேன். நீங்களும் வரவில்லை என்றார்கள். தெரிந்த சட்டத்தரணியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அவன் அம்மா என் கவுண்டருக்கு வந்தார். கொழுந்து எடுக்கிற கை, விரல்நுனி எல்லாம் கறுத்துப்போயிருந்தது. பில் கட்ட வந்தவர்கள் வரிசையில் அவரும் பொறுமையாக நின்று, முறை வந்ததும் கம்பிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து கேட்டார்.

"என் சின்ன மகனக் கடைசியாப் பாத்தது நீங்கதான்னு சொன்னாங்க மிஸ். பாட்டையும் கேட்டீங்களாமே. எங்கவூட்டுல பாட்டுப் பொட்டி இல்ல. கசெட்டும் அவுங்ககிட்ட போயிருச்சு. கூட்டாளிப் பசங்க பயந்து எங்கேயோ போயிட்டாங்க. எனக்கு அதக் கொஞ்சம் பாடிக் காட்டுவீங்களா?"

எனக்குப் பாட வராது. பாடத் தெரியாததால்தான் பாடுகிறவர்களை ஏசிக்கொண்டிருந்தேன். இருக்கையை விட்டு வெளியே வந்து, அவரை மாடிப்படிக்குக் கீழே கூட்டிக்கொண்டுபோய், உடைந்த குரலில், சுருதி இல்லாமல், நாலு அடியையும் பாடினேன். ஞாபகத்தில் ஒரு சொல் தவறவில்லை. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"பெரியவன் பேரு இதுல வருதா?" என்றார்.

"இல்லம்மா."

"சின்னவன் பேரு?"

"அதுவும் இல்ல. பயந்துதான் பேரு வைக்காம எழுதியிருக்கான்."

"யார் பேருமே இல்லையே. அப்ப இது எங்க பாட்டுன்னு அவுங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

உள்ளதைச் சொன்னேன். "நான் இது வேற பாட்டுன்னுதான் சொன்னேம்மா. அவுங்களும் நம்பிட்டாங்க. அவன்தான் எந்திரிச்சு, எங்கண்ணனைப் பத்தினதுன்னு சொல்லிட்டான்."

அவர் என்னை ஏசுவார், அல்லது அவனை ஏசுவார், அடித்துக்கொண்டு அழுவார் என்று நினைத்தேன். அவர் தலையை மட்டும் மெல்ல ஆட்டினார்.

"சொல்லத்தான் செய்வான்" என்றார். "அண்ணனாச்சே."

பிறகு படியில் உட்கார்ந்து, முதலில் இருந்து இன்னொருக்காப் பாடச் சொன்னார்.