கழன்றுகொண்டே இருந்த நட்

நான் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். யாராவது பேய்க்கதை சொன்னால் முதலில் சிரிப்பது நானாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட நான்தான் இதை எழுதுகிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்குக் கோபம் வராது. அன்றைக்கு அந்த அறையில் என் தங்கச்சி சிவானியும் இருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த ரோட்டாலேயே போவதில்லை.

2024 நவம்பர் 21, வியாழக்கிழமை. இடம் கொட்டாஞ்சேனை.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். கிட்டார் வாசிக்கிறவர்கள் சத்தத்தை மாற்றுவதற்குக் காலால் மிதிக்கும் சின்னச் சின்னப் பெடல்கள் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர், தனித்தனி அடப்டர். மேடையில் கால் வைக்க இடமிருக்காது. சிவானிக்கு அந்தச் சனிக்கிழமை முதல் மேடை. அவளுக்காக நான் ஓர் அலுமினியத் தட்டில் ஐந்து பெடலையும் பூட்டி, தட்டுக்கு அடியிலேயே 230 வோல்ட்டைக் கொண்டுவந்து, ஒரே ஒரு வயரைச் சுவரில் செருகினால் போதும் என்று செய்து கொடுத்தேன்.

வீட்டில் மெயின்ஸ் கரண்டோடு விளையாடுவது புத்தியில்லாத வேலை என்று எனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொன்றையும் முறையாகச் செய்தேன். கரண்ட் வரும் லைவ் வயரில் பியூஸ். எல்லா இணைப்புக்கும் உறை. முக்கியமாக ஏர்த். பச்சை மஞ்சள் வயரைத் தட்டிலேயே ஒரு பித்தளை போல்ட்டில் மாட்டி, நட் போட்டு இறுக்கினேன். உள்ளே ஏதாவது வயர் கழன்று தட்டில் பட்டாலும் கரண்ட் ஏர்த் வழியாக நிலத்துக்குப் போய்விடும், ஆளைத் தொடாது.

வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது ஒரு கதை சொல்வேன். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பெடியன் தானே பெடல் பெட்டி செய்து, வாசிக்கும்போது கரண்ட் அடித்துச் செத்துப்போனான் என்று எங்கேயோ கேள்விப்பட்ட கதை. "ஏர்த் போடத் தெரியாதவனுக்கு கிட்டார் எதுக்கு?" என்று முடிப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆறு வருடமாக அந்த வரிக்குச் சிரிப்புக் கிடைத்தது.

எங்கள் வெள்ளவத்தை பிளாட்டில் அம்ப் என்கிற கிட்டார் ஒலிபெருக்கியைப் போட்டால் கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றால் கூரையைத் தட்டுவார். அதனால் பயிற்சிக்கு, கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஹியூபேட் அங்கிளின் மேல்மாடி அறையைக் கேட்டோம். பழைய வீடு, தடித்த சுவர். வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு அவர் அதை வாடகைக்கு விடுவார். அன்று மத்தியானத்திலிருந்து மழை. மாலை 5.40க்கு மாடியேறினோம். கூரை ஒழுகி, சீமெந்துத் தரையில் ஒரு பக்கம் ஈரம். சிவானிக்குச் செருப்போடு வாசிக்க வராது. அறை வாசலிலேயே கழற்றிவிட்டாள்.

எதிர்ச் சுவரில் அங்கிளின் பழைய அம்ப். எங்கள் பக்கத்தில் ஒரு பழைய சுவிட்ச், அதை ஒட்டிப் புதிதாகத் தெரிந்த ஒரு வெள்ளைச் சதுரப்பின் பிளக் பொயின்ட். அதற்குக் கீழே பெட்டியை வைத்தேன்.

எங்கே போனாலும் செருகுவதற்கு முன் பெட்டியைச் சோதிப்பது என் பழக்கம். மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் ஏர்த் பின்னில் வைத்து, மற்றதைத் தட்டில் வைத்தால், இணைப்பு சரியென்றால் 'பீப்' என்று விடாமல் கத்தும்.

கத்தவில்லை.

வெளிக்கிடும்போது வீட்டில் கத்தியது. எட்டுத் திருகாணியையும் கழற்றி அடிமூடியைத் திறந்தேன். ஏர்த் நட் கழன்று பெட்டிக்குள் கிடந்தது. ஓட்டோவின் குலுக்கல் என்று நினைத்தேன். அந்த ரோட்டில் நட் என்ன, பல்லும் கழரும். நன்றாக இறுக்கினேன். சிவானியின் பையிலிருந்து நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸை எடுத்து, நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டேன். நட் அசைந்தால் கோடு உடையும். மூடினேன். சோதித்தேன். பீப். நேரம் 6.05.

அங்கிள் பிளேன்டி குடிக்கக் கூப்பிட்டார். இருவரும் கீழே போனோம். மேலே வேறு ஆளில்லை, படியும் ஒன்றுதான், அந்தப் படியடியில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

6.22க்குத் திரும்பி வந்தோம். செருகுவதற்கு முன் மறுபடி சோதித்தேன்.

சத்தமில்லை.

திறந்தேன். நட் கழன்றிருந்தது, கியூட்டெக்ஸ் கோடு பாதியாக உடைந்திருந்தது. ஆனால் என்னை உறைய வைத்தது அதுவல்ல. ஏர்த் வயர் சும்மா தொங்கவில்லை. ஓரமாக மடித்து ஒதுக்கி, அதன் நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பழைய துணி டேப். என் பையில் இருந்தது சிவப்பு பிளாஸ்டிக் டேப் மட்டும்தான்.

கவனமான ஒரு வேலைக்காரன் சுற்றியது போல, சுருக்கம் ஒன்றுமில்லாமல் சுற்றியிருந்தது.

சிவானியைப் பார்த்தேன்.

"சத்தியமா நான் தொடேல்ல அக்கா," என்றாள்.

எனக்குப் பயத்தைவிட முதலில் வந்தது கோபம். யாரோ பெட்டியின் பாதுகாப்பைப் பிடுங்குகிறார்கள். இவள் வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று, கிட்டார் கம்பியை இறுக்கிப் பிடிக்கப் போகிறாள். ஏர்த் இல்லாத பெட்டியை இவள் கையில் எப்படிக் கொடுப்பது? டேப்பை உரித்தெறிந்து வயரை மாட்டினேன். நட் திருப்பும் சாவியால் கை நோகும் வரை இறுக்கினேன். மூடினேன். இந்தமுறை மல்ட்டிமீட்டரைக் கழற்றவில்லை. இரண்டு முனையையும் கிளிப்பால் மாட்டி, பெட்டியைத் தூக்கி என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

பீப்ப்ப்ப்... என்று கத்திக்கொண்டிருந்தது. நேரம் 6.41.

வெளியே இருட்டிவிட்டது. மழை. சிவானி என் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

6.44.

பெட்டிக்குள் ஒரு சத்தம்.

கிர்...

நிறுத்தம்.

கிர்... கிர்...

மூடிய பெட்டி. எட்டுத் திருகாணியும் அப்படியே இருக்கின்றன. உள்ளே யாரோ ஒரு நட்டைத் திருப்புகிறார்கள். அந்த அதிர்வு என் தொடையில் தெரிந்தது.

பீப்... பீ... பீப்...

கிர்...

பீப் நின்றுவிட்டது. நேரம் 6.47.

"போவம் அக்கா," என்றாள் சிவானி.

போயிருக்கவேண்டும். ஆனால் நான் பிடிவாதக்காரி. எனக்குத் தெரிந்த விதி ஒன்றுதான்: ஏர்த் இருந்தால் உயிர், இல்லாவிட்டால் சாவு. இந்த அறையில் இருக்கும் எதுவோ என் தங்கச்சியைக் கொல்லப் பார்க்கிறது என்றுதான் அந்த நேரம் நினைத்தேன். அதனிடம் தோற்றுப் போக எனக்கு மனமில்லை. நட்டைக் கழற்றலாம். ஈயம் வைத்து ஒட்டினால்?

ஈயத்தை உருக்கும் சோல்டரிங் அயனுக்கு இரண்டு பின் பிளக். பேனாவால் ஏர்த் ஓட்டையைக் குத்தித் திறந்து, அதே பொயின்ட்டில் செருகினேன். நம் ஊரில் எல்லாரும் செய்வது, மாணவர்களிடம் செய்யாதீர்கள் என்று நான் சொல்வது. பேனா பிளாஸ்டிக்.

அயன் சூடாகும்வரை பெட்டியைத் திறந்தேன்.

நட் இல்லை.

பெட்டியைக் கவிழ்த்துக் குலுக்கினேன். தரையெல்லாம் டோர்ச் அடித்துத் தேடினோம். இல்லை.

மூடியின் உட்பக்கத்தில் நான்கு கறுப்பு அடையாளங்கள் இருந்தன. விரல் நுனிகள். கரி படிந்த விரலால் தொட்டது போல. ஒவ்வொரு நுனிக்கும் குறுக்கே, கத்தியால் கீறியது போல மெல்லிய ஒரு கோடு.

கருகிய மயிர் வாசம் வந்தது. அயன் இன்னும் எதையும் தொடவில்லை.

வயரைப் போல்ட்டோடு சேர்த்து ஈயத்தை ஊற்றினேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மூடினேன். பீப். நேரம் 7.02.

"கிட்டாரைப் போடு," என்றேன்.

சிவானி போட்டுக்கொண்டாள். அழுதுகொண்டுதான் போட்டாள். இடது கை கம்பிகளில். காலடியில் ஈரம்.

நான் சுவிட்சை அணைத்து, அயனைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் பிளக்கைச் செருகினேன்.

சுவிட்சில் விரல் வைத்தேன்.

விரல் சுவிட்சைத் தொடவில்லை.

நடுவில் ஏதோ இருந்தது...

சூடாக...

ஒரு கை. உள்ளங்கை அல்ல, புறங்கை. கரண்ட் இருக்குமோ என்று தெரியாத ஒன்றைப் புறங்கையால்தான் தொடவேண்டும். அது என் விரல்களை மெதுவாகத் தள்ளியது.

மெதுவாக...

பின்னாலிருந்து சிவானி கேட்டாள்:

"அக்கா... உன்ட கையைப் பிடிச்சிருக்கிறது ஆர்?"

எப்படிப் படியிறங்கினோம் என்று தெரியாது. ரோட்டில் நின்று மணியைப் பார்த்தேன். 7.09. கிட்டார் சிவானியின் கழுத்திலேயே தொங்கியது. பெட்டி மேலேயே கிடந்தது.

அவள் என்ன பார்த்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, கிராண்ட்பாஸிலிருந்து ஜாபிர் நானாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பிளாட்டுக்கு வயரிங் வேலை செய்கிறவர். அவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. பெட்டியை எடுக்கவேண்டும், தனியாக மேலே ஏறப் பயமாயிருந்தது, அவ்வளவுதான். பிளக்கைக் கழற்றியதும் அவர் பழக்கதோஷத்தில் சுவிட்சைப் போட்டு, டெஸ்டரை எடுத்து, பொயின்ட்டின் ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, ஏர்த் ஓட்டைலயும் கரண்ட் ஈக்கி."

அவர் பொயின்ட்டின் மூடியைக் கழற்றிக் காட்டினார். இந்தப் பழைய வீட்டில் சுவருக்குள் வருவது இரண்டே வயர்கள். ஏர்த் என்று ஒன்று இல்லவே இல்லை. முந்தி இருந்த உருண்டைப்பின் பொயின்ட்டை மாற்றிச் சதுரப்பின் பூட்டியவன், மூன்றாவது ஓட்டை சும்மா இருக்கக்கூடாது என்று கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலில் இருந்து ஒரு துண்டு வயரை ஏர்த்துக்கு இழுத்துவிட்டிருக்கிறான். அது போதாதென்று லைவ்வையும் நியூட்ரலையும் இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறான், அதனால் ஏர்த் ஓட்டைக்கே லைவ் வந்துவிட்டது. மின்விசிறியோ போன் சார்ஜரோ செருகினால் ஒன்றும் தெரியாது. ஒழுங்காக ஏர்த் போட்ட ஒரு சாமானைச் செருகி சுவிட்சைப் போட்டால்தான், சுவரின் கரண்ட் முழுவதும் நேராக அதன் உடம்புக்கு வரும்.

ஒழுங்காக ஏர்த் போட்ட சாமான். என் பெட்டி. தட்டு, பெடல், கிட்டார் கம்பி, சிவானியின் இடது கை, ஈரத்தரை.

பெட்டியை நான் எத்தனையோ தடவை சோதித்தேன். சுவரை ஒரு தடவையும் சோதிக்கவில்லை.

ஹியூபேட் அங்கிள் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அப்ப அந்தப் பெடியன்ட பெட்டில பிழை இல்லையா?" என்று கேட்டார்.

எந்தப் பெடியன் என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டேன்.

தேனுஜன். 2018 ஓகஸ்ட்டில் அந்த அறையில் வாடகைக்கு இருந்தவன். பொயின்ட் மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தானே ஒரு பெடல் பெட்டி செய்தான். மழைநாள் பின்னேரம். அங்கிள் மேலே போய்ப் பார்த்தபோது கிட்டாரைப் பிடித்தபடியே கிடந்தானாம். இடது கை நான்கு விரல் நுனியிலும் குறுக்கே கம்பி எரிந்த கோடு. வீட்டில் செய்த பெட்டி என்றதும் எல்லாருக்கும் காரணம் விளங்கிவிட்டது, யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. மகன் தன் கையாலேயே தன்னைக் கொன்றுகொண்டான் என்று அவன் அம்மா இன்றைக்கும் நம்புகிறாவாம். பெட்டியை அவ வாங்க மறுத்துவிட்டா.

நான் ஆறு வருடம் அவனை வைத்துப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அங்கேயே எனக்கு அழுகை வந்தது.

அங்கிள் அலுமாரிக்கு மேலிருந்து தேனுஜனின் பெட்டியை இறக்கினார். பழைய சாரத் துணியில் சுற்றிக் கட்டியிருந்தது. தூசி. திருகாணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஜாபிர் நானா இரண்டின் தலையை உடைத்து, மூடியை நெம்பித்தான் திறந்தார்.

உள்ளே பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், எவ்வளவு நீட்டா செஞ்சீக்கான்," என்றார். லைவ்வில் பியூஸ். ஒவ்வொரு இணைப்புக்கும் கறுப்புத் துணி டேப், சுருக்கமில்லாமல். ஏர்த் வயர் போல்ட்டில், நட்டோடு, இம்மியும் அசையாமல் இறுகியிருந்தது.

அதற்குப் பக்கத்தில், தூசியே படியாமல், இன்னொரு பித்தளை நட் கிடந்தது.

ஜாபிர் நானா அதை எடுத்து என் கையில் வைத்தார். அதன் ஒரு பக்கத்தில் சிவானியின் சிவப்புக் கியூட்டெக்ஸ். பாதியாக உடைந்த கோடு.