ஆரணியில் டயர் மாற்றியது

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பஞ்சர் கடையில் உட்கார்ந்து மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றுகிறேன். வேலூரிலிருந்து தார் ரோட்டில் வந்தாயிற்று. இங்கிருந்து மாப்பிள்ளை ஊருக்கு மண் ரோடுதான், மழையில் ஊறிக் கிடக்கிறதாம். சேற்றுக்கென்று வைத்திருக்கும் பல் டயரைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.

நாளைக் காலையில் மகளுக்குக் கல்யாணம். தறிக்காரரிடம் வாங்கிய கூரைப்புடவை காகிதம் சுற்றிப் பெஞ்சில் இருக்கிறது.

"குடுங்க பெரியவரே, ஜல்தியா மாட்டிடறேன்" என்கிறார் கடைக்கார பாய். இப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவி வந்திருக்கிறார்.

"மூணாங் கிளாஸ் தாண்டாதவன் பாய் நானு. மூட்ட தூக்கி, சொந்தமா லாரி வாங்கனவன். எனக்கு டயரு மாட்டத் தெரியாதா?"

"தெரியுங்க. மூச்சு வாங்கிகினு கீறீங்களே, அதான் கேட்டேன்."

இடுப்பு கழன்று போகிறது. டயர் நெம்பும் லிவர் இரண்டு தரம் வழுக்குகிறது. ஆனாலும் நானேதான் மாட்டுகிறேன், நானேதான் காற்றும் அடிக்கிறேன். எழுந்து, புடவையை எடுக்கக் கை நீட்டுகிறேன்.

"ஐயோ, கையப் பாருங்க!"

முழங்கை வரை கிரீஸ். புடவைக்கு ஒரு சாண்தான் பாக்கி. சோப்புப் போட்டுத் தேய்த்தும் கறுப்பு போகவில்லை.

"இப்பனா இந்தப் பொடவைய என்னத் தொட வுடுவீங்களா?"

பாய் புடவையைத் துண்டில் சுற்றி என் முதுகில் கட்டுகிறார். டயரைத் தொட விடாததால் அவர் கை மட்டும்தான் சுத்தமாக இருக்கிறது. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, சட்டை மாட்டிவிடக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி நிற்கிறேன்.